இவரோடு பதினொரு மாதம்

பழைய மின்சாரக் கார் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அவர்களுடைய அப்பா பெட்ரோல் காரின் டயரை உதைத்திருப்பார், அதனால் இவர்களும் உதைக்கிறார்கள். டயரில் ஒன்றுமில்லை, எல்லாம் சீட்டுக்கு அடியில் கிடக்கும் பேட்டரியில்தான் இருக்கிறது என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். போகும்போது இன்னொரு முறை உதைத்துவிட்டுப் போகிறார்கள்.

அவிநாசிலிங்கம் டயரை உதைக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் பெயர் இந்துமதி. கோயம்புத்தூர் கணபதியில், சத்தி ரோட்டின் மேலேயே பேட்டரி பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். வண்டியின் வயிற்றில் ஒரு கேபிளைச் சொருகினால் இரண்டு மணி நேரத்தில் அறிக்கை வந்துவிடும். பேட்டரியில் புதுசில் இருந்த சக்தியில் இப்போது எவ்வளவு மிச்சம், எந்த செல் நோஞ்சான், எத்தனை தடவை அவசர அவசரமாக சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள், வெள்ளத்தில் நின்றதா என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த அறிக்கை இல்லாமல் பழைய வண்டியைப் பெயர் மாற்ற முடியாது என்று சட்டமே வந்துவிட்டது.

சட்டம் இதற்கு வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் ‘வண்டி ஜாதகம்’. ஆகவே நான் ஜோசியக்காரம்மா. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவைக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், ஒரு பயனும் இல்லை. ராகு காலம் முடிந்து வருகிறேன் என்று போன் செய்கிறார்கள். அறிக்கையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தரச் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதம் அவர்களோடு சண்டை போட்டேன். ஏழாம் மாதம் ஒரு மஞ்சள் டப்பா வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன், பிழைப்பு நடக்க வேண்டுமே.

போன வருடம் வரைக்கும் இந்தக் கூத்து பேட்டரியோடு நின்றது. ‘ஆரோக்கியம் 84 சதவீதம்’ என்று போட்டுக் கொடுப்பேன். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள். “அப்ப எத்தன நாளைக்கு வருமுங்க?” அது ஓட்டுகிற ஆளைப் பொறுத்தது. சிலர் ஆக்ஸிலேட்டரைக் கரப்பான்பூச்சியை நசுக்குவது போல மிதிப்பார்கள், அவர்களிடம் எந்த பேட்டரியும் தாங்காது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பரிசோதனைக் கருவியைச் செய்த கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. அறிக்கையின் அடியில் இரண்டு வரிகள் புதிதாக முளைத்தன.

மீதி ஆயுள், இவரோடு. மீதி ஆயுள், வேறொருவரோடு.

‘இவர்’ என்றால் கடைசி மூன்று மாதம் அந்த வண்டியை ஓட்டியவர். கால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது, அதை நொடிக்கு நூறு தடவை அது குறித்து வைக்கிறது. மூன்று மாதத்தில் அந்தக் காலை அதற்கு மனப்பாடமாகிவிடும். அதுவரைக்கும் சரிதான். ஆனால் கம்பெனியில் தமிழாக்கம் செய்த புண்ணியவான் ‘உழைக்கும் காலம்’ என்று போட்டிருக்கலாம். ‘ஆயுள்’ என்று போட்டுவிட்டான். மேலே ஒரு மனிதனின் பெயரை அச்சடித்து, கீழே ஆயுள் இவ்வளவு என்றும் அச்சடித்து, இதை ஜாதகமாகப் படிக்காதீர்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் எப்படி?

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை அவிநாசிலிங்கம் வந்தார். பீளமேட்டில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போடும் பவுண்டரி வைத்திருப்பவர். மகளுக்குக் கார் பார்ப்பதாகச் சொன்னார். சற்று நேரத்தில் அந்தக் காரும் வந்தது. வெள்ளை வண்டி, மூன்று வயது, உரிமையாளர் பெயர் நிதர்சன், வயது இருபத்தொன்பது. ஓட்டி வந்தவர் திருமூர்த்தியண்ணன்.

அவரை எனக்குத் தெரியும். காந்திபுரம் உக்கடம் டவுன் பஸ்ஸை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் வாசலில் வரைந்திருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் வண்டியை ஒரே மூச்சில் நிறுத்த இந்த ஊரில் அவர் ஒருவரால்தான் முடியும். கார்த்திகை மாதம் வேறொரு வீட்டின் சிவப்பு வண்டியோடு வந்தார். அதற்கு முன்னால் ஆவணியில் ஒரு கறுப்பு வண்டி.

“ஒரு வீட்டுலயும் நிக்க மாட்டீங்களாண்ணா?” என்றேன்.

“என்னங்க அம்மிணி பண்றது, மூணு மாசம் ஆனதும் போதும்னுர்றாங்க.”

வழக்கமாக ரப்பர் செருப்பு போடுகிறவர், அன்று கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டியிருந்தார். புது வீட்டில் கட்டுப்பாடு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கேபிளைச் சொருகினேன். அவிநாசிலிங்கம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மிணி, பொழுது போனதுக்கப்பறம் வண்டி எங்கியாச்சும் ஓடியிருக்குதுங்களா?”

“பேட்டரிக்குப் பகல் இரவெல்லாம் ஒண்ணுதானுங்க.”

“இல்ல, சும்மா கேட்டனுங்க. ஒரே எடத்துல அடிக்கடி போயி நிக்குதுங்களா?”

“சார்ஜ் போட நிக்கும்.”

“கோவம் ஏதாச்சும் வருமுங்களா?”

“யாருக்கு, பேட்டரிக்கா?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். வாங்க வந்தது காரை அல்ல. மகள் தன்விதாவுக்கு இந்த நிதர்சனைப் பேசியிருக்கிறார்கள், பெண்ணும் சரி என்றுவிட்டாள். பத்தில் ஒன்பது பொருத்தம் இருக்கிறது. “ஆனா பாருங்க, ஜோசியர் எழுதுன ஜாதகத்தை யாரு வேணா மாத்தி எழுதிக்கலாமுங்க. பேட்டரி பொய் சொல்லாதுங்களே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கைமாறவே இல்லை. பெண் வீட்டார், “உங்க வண்டியக் குடுக்கறீங்களாங்க?” என்று கேட்பார்களாம். மாப்பிள்ளை வீட்டார், “பாத்துட்டுச் சொல்லுங்க,” என்பார்களாம். ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும், ரெண்டு பேரும் முகத்தை நேராக வைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது. அவரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் பேட்டரி பொய் சொல்லாது என்று ஒரு மனிதர் வாயால் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. உட்கார விட்டேன்.

அறிக்கை வந்தது. அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆரோக்கியம் 93 சதவீதம். வேகம் அறுபதைத் தாண்டவில்லை. திடீர் பிரேக் இல்லை, அவசர சார்ஜ் இல்லை, இரவு ஒன்பதுக்கு மேல் சக்கரம் அசையவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மருதமலை அடிவாரத்தில் சார்ஜ். அவிநாசிலிங்கம் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி இரண்டு வரிக்கு வந்தார்.

மீதி ஆயுள், இவரோடு: 11 மாதம். வேறொருவரோடு: 9 வருடம் 4 மாதம்.

“பதினொரு மாசத்துல போயிருவாருங்களா?” என்றார்.

“யாரும் எங்கியும் போகலீங்க. பேட்டரி நல்லா இருக்குது. பேட்டரி தீர்றதோ ஆளு ஓட்டறத நிறுத்தறதோ, எது முந்துதோ அதத்தான் ‘இவரோடு’ன்னு போடுதுங்க. இப்பிடி மிதிக்கற கால் பதினொரு மாசத்துக்கு மேல வண்டி ஓட்டாதுன்னு ஒரு கணக்குங்க.”

“ஏன் ஓட்டாது?”

“அது பேட்டரிக்குத் தெரியாதுங்க. பல லட்சம் பேரோட காலு கம்பெனிகிட்டப் பதிவாயிருக்குது. இதே மாதிரி மிதிச்சவங்க எல்லாம் சுமாரா எப்ப ஓட்டறத நிறுத்துனாங்கன்னு பாத்துச் சொல்லுது.”

“அவங்கெல்லாம் ஏனுங்க நிறுத்துனாங்க?”

“கம்பெனி கேக்கலீங்க.”

வெளிநாடு போயிருக்கலாம், மூட்டுவலி வந்திருக்கலாம், வேறு வண்டி வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தெரிந்த நல்ல காரணங்களையெல்லாம் அடுக்கினேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “பதினொரு மாசமுன்னா வர்ற மாசி. வைகாசியில கட்டிக் குடுத்து, மாசியில...” அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். வெளியே திருமூர்த்தியண்ணன் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ துக்க வீட்டு ஆளைப் பார்ப்பது போல.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பையனுக்கு ‘பதினொரு மாச மாப்பிள்ளை’ என்று பெயரே விழுந்துவிட்டது. கல்யாணத் தரகர் தன் ஆல்பத்திலிருந்து அவன் படத்தை உருவிவிட்டார். இரண்டு வருடமாக ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லித் துரத்திய ஏஜென்ட் போன் செய்வதை நிறுத்திவிட்டார். ஆபீசில் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வை, ‘உங்களுக்கு ஓய்வு தேவைப்படலாம்’ என்று அன்பாக வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி பாயசம் வைத்துக்கொண்டு வந்து, அவன் குடிக்கக் குடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். பையன் உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வந்து காட்டினான். “டாக்டருக்கே புடிபடலையாமா,” என்று சொந்தக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கலங்கினார்கள்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னது பையனின் அம்மா சாந்தாமணி. சனிக்கிழமை காலை பத்தரைக்கு அதே வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். ஓட்டி வந்தது திருமூர்த்தியண்ணன். பின் சீட்டிலிருந்து நிதர்சன் இறங்கினான். நான்கு நாள் தாடி, முகத்தில் ஒரு சுற்று இளைப்பு. ஆளைப் பார்த்தால் பதினொரு மாதம்கூட அதிகம் என்று தோன்றியது, அதுவும் என் அறிக்கை செய்த வேலைதான். பின்னாலேயே அவிநாசிலிங்கமும் வந்தார். சாந்தாமணி வரச் சொல்லியிருக்கிறார்.

“உங்க மெசினு தப்புன்னு நீங்களே இவருகிட்ட எழுதிக் குடுக்கோணும்,” என்றார் அந்த அம்மா. “எம்பட பையன உசுரோட கொன்னு போட்டீங்க.”

நான் நியாயமாக அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். ‘மெசினு தப்பு’ என்றதும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மாதா மாதம் அளவு சரிபார்க்கிற கருவி அது. “தப்புன்னா இங்கயே பாத்துரலாமுங்க,” என்றேன். வண்டியின் சக்கரங்களை உருளை மேல் ஏற்றினேன். நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். கேபிளைச் சொருகி, நிதர்சனை ஸ்டியரிங்கின் முன் உட்கார வைத்தேன். “பத்து நிமிசம் எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க தம்பி.”

அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அர்த்தம் புரியவில்லை.

தம்பி ஓட்டினான். ஓட்டினான் என்றா சொல்வது? உருளை அலறியது. கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. திரையில் கோடு ஏறி இறங்கியதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் கருவி ஒரு வரி காட்டியது. ‘இவர் பதிவில் இல்லாத நபர்.’

அவிநாசிலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். “மூணு வருசமா ஓட்டற வண்டிக்கு ஓனரயே அடையாளந் தெரியலைங்குதே.”

நிதர்சன் அம்மாவைப் பார்த்தான். சாந்தாமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

“இப்ப எல்லா வீட்டுலயும் பண்றதுதானுங்க,” என்றார் கடைசியில். “வரன் பாக்க ஆரம்பிச்சா மூணு மாசத்துக்கு முன்னாடியே நிதானமா ஓட்டற ஆளா ஒருத்தரப் போட்டு ஓட்ட வெச்சர்றது. நல்ல ஜாதகமா விழுமுங்களே. இவனக் கார்த்திகையோட வண்டியத் தொட விடலீங்க.”

எனக்கு ஆவணியின் கறுப்பு வண்டியும் கார்த்திகை மாதத்துச் சிவப்பு வண்டியும் கண் முன்னால் வந்தன. மூணு மாசம் ஆனதும் போதும்னுர்றாங்க. வீட்டுப் பெரியவர்களை ஏற்றிப் போவதும் வண்டியை என்னிடம் கொண்டுவருவதும்தான் அண்ணன் வேலை என்று நினைத்திருந்தேன். ஊரில் ‘ஜாதக டிரைவர்’ என்று ஒரு தொழிலே நடந்திருக்கிறது. அந்த ஜாதகங்களுக்கெல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

“அப்ப அந்தப் பதினொரு மாசம்...” என்று அவிநாசிலிங்கம் ஆரம்பித்தார்.

“எம்பட பையனுதில்லீங்க. டிரைவரோடது,” என்று சாந்தாமணி முடித்தார்.

“நல்லவேளைங்க,” என்றார் அவிநாசிலிங்கம். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

“நல்லவேளை,” என்றான் நிதர்சன்.

“முருகன்தானுங்க காப்பாத்துனாரு,” என்றார் சாந்தாமணி.

அவிநாசிலிங்கம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஏமாற்றப் பார்த்தார்களே என்று கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம்தான். “ஆளுப் போட்டு ஓட்டியிருக்காங்கன்னா விவரமான குடும்பமுங்க,” என்று என்னிடமே மெச்சினார். அதோடு, பையனுடைய சொந்தக் காலுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். பத்து நிமிடப் பதிவை வைத்துத் தோராயமாகப் போட்டேன்.

“இந்த மிதிக்குப் பேட்டரி நாலு வருசந்தான் தாங்குமுங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நாப்பது வருசம் ஓட்டுவாரு.”

“பேட்டரி போனா வேற மாத்திக்கலாமுங்க,” என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கருவி ஒரு தப்பும் செய்யவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அதை நினைக்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவிநாசிலிங்கம் வீட்டுக்குப் போன் போட்டு, “எல்லாஞ் சரியாயிருச்சு, வைகாசியே வெச்சுக்கலாம்,” என்றார்.

திருமூர்த்தியண்ணன் வாசலில், மஞ்சள் கட்டத்தின் ஓரமாக நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் குரலைத் தணிக்கவும் இல்லை.

சாந்தாமணி அவரிடம் போனார். “அண்ணா, சாவியக் குடுங்க. தம்பி ஓட்டிக்குவான். நீங்க பஸ்ஸுல போயிக்கங்க, உங்களுக்கு ஏனுங்க சிரமம்.” அவ்வளவு கரிசனமாகச் சொன்னார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். அந்த அம்மா காரில் ஏறுவதற்குள் யாருக்கோ போன் செய்துவிட்டார். சரவணம்பட்டியில் சித்திரை மாதத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைக்கு ஓட்ட அண்ணனைப் பேசி வைத்திருந்தார்களாம். “ஒரு வார்த்த சொல்லி வெச்சர்றது நல்லதுங்களே,” என்பது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். வெள்ளைக் கார் கிறீச்சென்று ஒரு துள்ளுத் துள்ளி ரோட்டில் ஏறியது.

புதன்கிழமை அறிக்கை அவிநாசிலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்து, மாற்றி மாற்றி எல்லோர் கையிலும் போய்விட்டு என் மேஜையில் கிடந்தது. அண்ணன் உள்ளே வந்து நின்றார்.

“அந்த அறிக்கையில எனக்கும் ஒரு நகல் கெடைக்குங்களா அம்மிணி?”

“ஒக்காருங்கண்ணா.”

உட்கார்ந்தார். என்னால் நேராக அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, திரையைத்தான் பார்த்தேன். மூன்று மாதப் பதிவையும் விரித்தேன். கோடு நேராக, இஸ்திரி போட்ட வேட்டிக் கரை போலப் போகிறது. உற்றுப் பார்த்தால் அதன் மேல் சின்னச் சின்ன நடுக்கம். மார்கழியில் கண்ணுக்கே தெரியவில்லை, பங்குனியில் நன்றாகத் தெரிகிறது. நொடிக்கு நாலைந்து தடவை. புதன்கிழமையே இதைப் பார்த்திருக்கலாம். கடைசி இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டேன்.

“உங்க வலது காலு கொஞ்சம் நடுங்குதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியுமா?”

“செருப்பு கழண்டு கழண்டு போகுதுங்க. வயசாயிருச்சுன்னு ஷூ வாங்கிக் கட்டிக்கிட்டனுங்க.” குனிந்து ஷூ முடிச்சைப் பார்த்தார். “அப்ப பதினொரு மாசந்தானுங்களா?”

“ஓட்டறதுக்குங்கண்ணா. உசுருக்கில்ல. அந்த வார்த்தய எவனோ தப்பாப் போட்டுட்டான்.”

“பையனுக்குன்னு நெனச்சப்ப உசுருன்னுதானுங்க எல்லாரும் அழுதாங்க.”

அவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்புதான்.

“முப்பத்தொரு வருசம் ஓட்டுனனுங்க, ஒரு கீறல் கெடையாது. ஒரு நாளு ஒருத்தரும் நல்லா ஓட்டுனேன்னு சொன்னதில்ல. எனக்கு ஆயுசு கம்மின்னு கேட்டு இத்தன பேரு ஒட்டுக்காச் சந்தோசப்பட்டு இன்னிக்குத்தானுங்க பாத்தேன்.” பிறகு, சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். “நீங்களுந்தானுங்க அம்மிணி.”

வெட்கமாக இருந்தது. ஊரையே கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். கடையைப் பூட்டினேன். தெரிந்த நரம்பு டாக்டரிடம் நாலு மணிக்கு டோக்கன் வாங்கி, என் வண்டியிலேயே அவரை அழைத்துக்கொண்டு போனேன். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அவருடைய வலது கால் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை அழுத்திற்று.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். நரம்புக் கோளாறின் ஆரம்பம்தான் என்றார். வழக்கமாக இரண்டு வருடம் கழித்துத்தான் ஆட்கள் வருவார்கள், இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பேட்டரி சொன்னது என்றேன், அவர் நம்பவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“வண்டி ஓட்டலாமுங்களா?” என்று அண்ணன் கேட்டார். அவருக்கு வேறு கேள்வியே இல்லை.

“இப்போதைக்கு ஒரு தடையும் இல்ல. இந்த மாத்திரைய ஒழுங்கா எடுத்தா ஒரு வருசம், ஒன்றரை வருசம் தாராளமா ஓட்டலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க.”

வெளியே வந்தோம். அண்ணனின் நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நான் மருந்துக் கடையில் நின்றுவிட்டு வருவதற்குள் அவர் என் வண்டிக்குப் போய்விட்டார். பழக்கத்தில் போனாரா, வேண்டுமென்றே போனாரா தெரியாது, வலது பக்கக் கதவருகே நின்றிருந்தார். கையை மட்டும் நீட்டினார்.

சாவி என் கையில் இருந்தது. கீறல் இல்லாத முப்பத்தொரு வருடம் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பேட்டரியும்கூட இன்னும் பதினொரு மாதம் என்றுதான் சொன்னது.

“வேண்டாங்கண்ணா, கணபதி சிக்னல்ல கூட்டமா இருக்கும்,” என்றேன். “உங்களுக்கு ஏனுங்க சிரமம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. அண்ணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அதுஞ் சரிதானுங்க,” என்று சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார்.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் எனக்கு முதல் வரிசையில் இடம் போட்டார்கள். அண்ணனுக்கு அழைப்பு இல்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு வண்டியையும் ஓட்டவில்லை, ஊரில் யாரும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, நடுக்கம் குறைந்திருக்கிறது என்று அவரே பஸ்ஸில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் கருவிக் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கணிப்புகள் எவ்வளவு துல்லியம் என்று அவர்கள் அவ்வப்போது சரிபார்ப்பார்கள். அந்த வெள்ளை வண்டியின் எண்ணைப் போட்டு, ‘இவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திய தேதி’ என்று கேட்டிருந்தார்கள். பொய் எழுத மனம் வரவில்லை. அந்தப் பங்குனிச் சனிக்கிழமையின் தேதியை எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கணிப்புக்கும் நடப்புக்கும் பதினொரு மாத வித்தியாசம் இருப்பதாகவும், இவ்வளவு பெரிய பிழை இதுவரை எங்கும் பதிவாகவில்லை என்றும், எனது கருவியில் கோளாறு இருக்கலாம், உடனே சரிபார்க்கவும் என்றும் எழுதியிருந்தார்கள்.

சரிபார்த்தேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.